போஸ்ட் கோடா, பிஎம்சி பதிவா? பூட் ஆகாத சர்வரில் எதை நம்புவது

பவர் கொடுத்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. இப்படி நிற்கும் சர்வரில் கோளாறைத் தேட இரண்டு வழிகள். ஒன்று, போர்டில் இருக்கும் குட்டி டிஸ்பிளே காட்டும் போஸ்ட் கோட், அதாவது சர்வர் எழும்போது நடக்கும் சுயபரிசோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் எண். மற்றது, சர்வரைத் தனியாக இருந்து கண்காணிக்கும் பிஎம்சி சிப் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவு, அதாவது எஸ்இஎல். பீப் ஒலியை நான் ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை. ரேக் இரைச்சலில் அதை யார் எண்ணிக்கொண்டிருப்பது?

போஸ்ட் கோடின் வேலை எளிது. சர்வரை எழுப்பும் ஃபர்ம்வேர் (பயாஸ்) ஒவ்வொரு கட்டத்திலும் ஐ/ஓ போர்ட் 80-க்கு ஒரு பைட் அனுப்பும், டிஸ்பிளே அதைக் காட்டும். ஏஎம்ஐ நிறுவனத்தின் ஆப்டியோ ஃபர்ம்வேரில் 55 என்றால் மெமரி பொருத்தப்படவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் பெரும்பாலான எண்கள் எந்தக் கட்டம் என்பதை மட்டுமே சொல்லும். 94-இல் நின்றால் பிசிஐ பஸ்ஸைத் துழாவும்போது நின்றது என்று புரியும், எந்தக் கார்டு என்று புரியாது. பெரிய சர்வர்களில் மெமரி ட்ரெய்னிங்குக்கே, அதாவது மெமரி சிக்னல்களின் நேரத்தைச் சீர்செய்வதற்கே, பல நிமிடம் ஆகும். எண் அசையவில்லையே என்று அவசரப்பட்டு பவரைப் பிடுங்குபவர்களும் உண்டு.

நான் எஸ்இஎல் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ரீபூட் செய்த பிறகும் அது இருக்கும். நம்மிடம் விஷயம் வருவதற்குள் யாராவது ஒருவர் ஆஃப் செய்து ஆன் செய்திருப்பார். அந்த நொடியே டிஸ்பிளேயில் இருந்த எண் போயே போச்சு. பிஎம்சி ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடுவதால் சர்வர் அணைந்திருந்தாலும் ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவியில் பதிவை எடுக்கலாம். சரிசெய்ய முடியாத இசிசி (மெமரி) பிழை, கூடவே மெமரியைச் செருகும் டிம் ஸ்லாட்டின் பெயர் என்று ஒரு வரி கிடைத்தால் போதும், எதைக் கழற்றுவது என்று தெரிந்துவிடும். பயாஸ் எதையும் எழுதாமலே தொங்கிவிட்டால்கூட, பூட் குறித்த நேரத்தில் நகர்கிறதா என்று பார்க்கும் எஃப்ஆர்பி2 வாட்ச்டாக் டைமர் இயக்கத்தில் இருந்தால் அதன் நேரம் தீர்ந்ததாவது பதிவாகும்.

ஆனால் இந்தப் பதிவைப் பராமரிக்க வேண்டும். இடம் குறைவு, நிரம்பியதும் புதிய நிகழ்வுகளை விட்டுவிடும் பிஎம்சிகள் இருக்கின்றன. அதனால் அவ்வப்போது கோப்பில் சேமித்துவிட்டு அழிப்பது என் வழக்கம். பிஎம்சி கடிகாரம் வேறு தனியாக ஓடும். அது பிசகினால் 1970 தேதியோடு வரிகள் வரும், எது முந்தியது என்றே சொல்ல முடியாது. அப்புறம், பிஎம்சியோடு பேச உதவும் ஐபிஎம்ஐ நெறிமுறை பயன்படுத்தும் யுடிபி போர்ட் 623-ஐப் பொது இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. பிஎம்சிக்குத் தனி நெட்வொர்க் வேண்டும்.

பிஎம்சியே செத்துவிட்டால், அல்லது புது போர்டை மேசையில் வைத்து முதல்முறை எழுப்பிப் பார்க்கும்போது, எனக்கும் டிஸ்பிளேதான் கதி. பிஎம்சிக்கான திறந்த மூல ஃபர்ம்வேரான ஓப்பன்பிஎம்சியில் போஸ்ட் கோட் வரிசையையே சேமித்து வைக்கும் வசதி உண்டு. அதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்; ஆனால் அது உங்கள் சர்வரில் இருந்தால் டிஸ்பிளே இல்லையே என்று கவலைப்படத் தேவையிருக்காது.