புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும்: ஒரே பெட்டியா, தனித்தனியா?

வீட்டுக்கு அலாரம் வாங்கலாம் என்று இறங்கினால் முதலில் குழப்புவது இதுதான். புகை, கார்பன் மோனாக்சைடு (எரிபொருள் சரியாக எரியாதபோது வரும், நிறமோ மணமோ இல்லாத விஷ வாயு) இரண்டையும் ஒன்றாகக் கவனிக்கும் கூட்டு அலாரம் வாங்குவதா, இல்லை தனித்தனியாக இரண்டு வாங்குவதா? நான் தனித்தனியாகத்தான் மாட்டியிருக்கிறேன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

கூட்டு அலாரத்தின் வசதிக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் மாட்டலாம், ஒரே பேட்டரி, மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க ஒரே பட்டன். சின்ன வீட்டுக்கு இது பெரிய வசதிதான்.

என்னைத் தனித்தனிப் பக்கம் தள்ளியது ஆயுள் கணக்கு. புகை அலாரத்தை 10 ஆண்டில் மாற்ற வேண்டும், அதுவும் மாட்டிய நாளிலிருந்து இல்லை, பின்பக்கம் போட்டிருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து. கார்பன் மோனாக்சைடு சென்சார் வேறு ரகம். உள்ளே இருப்பது மின்வேதியியல் செல், அதாவது வாயு பட்டால் வேதிவினையால் மின்சாரம் உண்டாக்கும் சின்னக் கலம், அது வாயுவைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும், மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு, பலவற்றில் 7. ஆக, கூட்டு அலாரத்தில் இந்த இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு முழுப் பெட்டியும் குப்பைக்கு.

காசு வீண் என்பதைக்கூட விட்டுவிடலாம். ஆயுள் முடிந்ததும் அது விட்டுவிட்டுக் கீச்சிட ஆரம்பிக்கும். பேட்டரி இறங்கினாலும் அப்படித்தான், அதுவும் பெரும்பாலும் நடுராத்திரியில், ஏனென்றால் அறை குளிர்ந்தால் பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். தூக்கக் கலக்கத்தில் மனிதன் என்ன செய்வான்? கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவான். அந்த நாளை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூட்டு அலாரமாக இருந்தால் அன்றிலிருந்து வீட்டில் புகைக்கும் காவல் இல்லை, வாயுவுக்கும் காவல் இல்லை. தனித்தனி என்றால் ஒன்று டிராயருக்குப் போனாலும் இன்னொன்று வேலை செய்துகொண்டிருக்கும்.

சமையல் புகைக்குக் கத்துகிற தொல்லையும் இதே கதைதான். புகையை உணர்வதில் இரண்டு முறை உண்டு. அயனி முறையில் துளியளவு அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும், கொழுந்துவிட்டு எரியும் தீயை அது சட்டென்று பிடிக்கும், ஆனால் அடுப்படிப் புகைக்கும் அடிக்கடி ஏமாறும். ஒளி முறை, மெத்தை, சோபா மாதிரி புகைந்துகொண்டே கிடக்கும் தீயை முன்னதாகக் கண்டுபிடிக்கும். தனியாக வாங்கும்போது ஹாலுக்கு ஒளி முறை, சமையலறைக்குப் புகையை விட்டுச் சூட்டை மட்டும் உணரும் வெப்ப அலாரம் என்று பிரித்துக்கொள்ளலாம். கூட்டு அலாரத்தில் புகைப் பாதி எந்த முறை என்பதைப் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடிப் பார்த்து வாங்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை: புகை மேலே ஏறும், அதனால் சீலிங். கார்பன் மோனாக்சைடு காற்றைவிடக் கொஞ்சமே லேசு, அறை முழுக்கக் கலந்துவிடும், அதனால் சீலிங்கில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பாய்லர், விறகு எரியும் ஹீட்டர் மாதிரியானவற்றிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் வைப்பதும், படுக்கையறையில் மூச்சு விடும் உயரத்தில் வைப்பதும் வழக்கம். சட்டங்களும் இடத்தைப் பிரித்தே பார்க்கின்றன. இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 2022 அக்டோபர் 1 முதல் உள்ள விதிப்படி, ஆட்கள் புழங்கும் அறை உள்ள ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் வேண்டும், ஆனால் கார்பன் மோனாக்சைடு அலாரம், நிலையாகப் பொருத்திய எரிசாதனம் உள்ள அறைக்குத்தான், அதிலும் கேஸ் அடுப்புக்கு விலக்கு. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து புகை அலாரங்களும் வெப்ப அலாரமும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு அந்த இணைப்புக் கட்டாயமில்லை.

கூட்டு அலாரத்துக்கு நான் கை தூக்குகிற இடமும் ஒன்று உண்டு. படுக்கையறைகளுக்கு வெளியே இருக்கும் நடைவழி இரண்டுக்குமே பொருத்தமான இடம், தயாரிப்பாளரின் குறிப்பும் அனுமதித்தால் அங்கே தாராளமாக மாட்டலாம். மூன்று பீப் என்றால் புகை, நான்கு என்றால் வாயு என்று பல மாடல்கள் பிரித்துக் காட்டும், சிலவற்றில் குரலே சொல்லிவிடும். குரல் மாடல்களோடு எனக்குப் பழக்கம் குறைவு, கேட்டவரை தெளிவாகத்தான் இருந்தது. மின் இணைப்பில் ஓடுகிறவற்றை நான் வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் பேட்டரி ரகத்தை வைத்தே பேசுகிறேன்.

எதை வாங்கினாலும் ஒன்று. டெஸ்ட் பட்டன் பேட்டரியையும் சர்க்யூட்டையும் ஒலியையும்தான் சோதிக்கும், வாயுவை உணரும் திறனை அல்ல. கார்பன் மோனாக்சைடு அலாரம் உடனே கத்தாததும் கோளாறு இல்லை. ஐரோப்பியத் தரமான இஎன் 50291 படி 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள். உடலில் சேரச் சேரத்தான் ஆபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே பட்டன் சத்தம் போட்டதே என்று காலாவதியான அலாரத்தை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மாற்ற வேண்டிய ஆண்டை மார்க்கரால் வெளியே தெரிகிற மாதிரி எழுதிவிட்டு மாட்டுங்கள்.