பால்வெட்டு வரவா, வீட்டு ஆதாரமா?

எங்கள் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் கடன் கேட்டுப் போனால் இரண்டு வழி உண்டு. ‘ரப்பர் பால்வெட்டு வரவிலிருந்து மாசாமாசம் தந்துவிடுகிறேன்’ என்று சொல்லலாம். இல்லையென்றால் வீட்டு ஆதாரத்தையே, அதாவது கிரயப் பத்திரத்தையே, கொண்டுபோய் அடமானம் வைக்கலாம். முதல் வழியில், மழை பிடித்து வெட்டு நின்றால் கடன் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான் நஷ்டம். அதனால் அவர் வட்டி கூட்டிக் கேட்பார்.

பொதுப்பணிகளுக்காக அரசோ மாநகராட்சியோ கடன் வாங்க விடும் பத்திரங்களும் இப்படித்தான். வருவாய்ப் பத்திரம் என்றால், கட்டிய பாலத்தின் சுங்கமோ குடிநீர்க் கட்டணமோ மட்டும்தான் கடனை அடைக்கும். பொதுப் பொறுப்புப் பத்திரத்துக்கு அரசின் வரி வருமானம் முழுவதும் பிணை.

இரண்டும் வேரூன்றியது அமெரிக்காவில். பொதுப் பொறுப்புப் பத்திரத்துக்கு அங்கே பெரும்பாலும் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். வருவாய்ப் பத்திரத்துக்குப் பல இடங்களில் அது தேவையில்லை. பதிலுக்கு ஒப்பந்தம் கடுமையாக இருக்கும். ஆண்டுத் தவணை 100 என்றால், பராமரிப்புச் செலவு போக 125 ஆவது மிஞ்சும்படி கட்டணம் வைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை சகஜம். வசூல் குறைந்தால் கட்டணம் ஏறும். அப்படியும் கைமீறிப் போவதுண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் பாதியில் கைவிட்ட 2 அணுமின் நிலையங்களுக்காக விட்ட 225 கோடி டாலர் பத்திரங்கள் 1983-ல் தவணை தவறின.

நம் பக்கத்தில் மதுரை இருக்கிறது. உள்வட்டச் சாலைக்காக 2001-ல் மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விட்டது, சுங்க வசூலை நம்பி.

சரி, நம் மாவட்டத்துக்கு எது? கன்னியாகுமரிப் படகுத்துறையில் சீசன் நேரத்து டிக்கெட் வரிசையைப் பார்த்தவர்களுக்கு வருவாய்ப் பத்திரம் உடனே பிடித்துப்போகும். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாய்க் கண்ணாடிப் பாலத்தை அரசு தன் பணத்தில் திறந்தது. அது போன்ற வேலைக்கு, பார்க்க வருகிறவர்களே கடனை அடைப்பது நியாயம் என்பேன். கடல் சீறிப் படகு நிற்கும் நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் 1966-ல் மாத்தூரில் 115 அடி உயரத்தில் தொட்டிப் பாலம் கட்டினார்களே, அதில் போகும் வயல் தண்ணீருக்கு எந்த விவசாயியிடம் சுங்கம் கேட்பது? கடலோர ஊர்கள் கேட்கும் தூண்டில் வளைவும், அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல்சுவரும், அப்படித்தான். அலை வாசற்படியைத் தொடும் வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது. அங்கே எல்லாருடைய வரிப்பணமும்தான் பிணை நிற்க வேண்டும்.