ஹூஸ்டனில் வீடு: சங்கம் உள்ள தெருவா, இல்லாத தெருவா?

ஹூஸ்டனில் வீடு தேடுபவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன், அங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். இருந்தால் புல்லின் உயரத்துக்கும், வேலியின் நிறத்துக்கும், குப்பைத்தொட்டி எங்கே நிற்கலாம் என்பதற்கும் விதி இருக்கக்கூடும். பல இடங்களில் நீச்சல்குளம், பூங்கா உண்டு, சந்தாவும் உண்டு. சந்தா பாக்கி நின்றால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது. அபராதப் பாக்கிக்கு மட்டும் அப்படிச் செய்ய முடியாது. ஆனாலும் ஒரு சங்கத்துக்கு இவ்வளவு அதிகாரமா என்று எனக்கு மனம் பதறுகிறது. வாசலில் சமயச் சின்னம் வைக்க 2011 முதல் சட்டப் பாதுகாப்பு இருப்பது ஆறுதல்.

சங்கம் இல்லாத தெருவில் யாரையும் கேட்காமல் முன்வாசலில் முருங்கை நடலாம். குளிரில் கருகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும், அருமையான மரம்! ஆனால் எங்கே வீடு, எங்கே கடை என்று பகுதி பிரிக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் ஹூஸ்டன் நகரில் கிடையாது. மனையை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு அதன் பத்திரத்தில் இல்லாவிட்டால் பக்கத்து மனையில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வந்தாலும் தடுப்பது கடினம்.

என் தேர்வு இரண்டாவதுதான், அந்தத் தெருவின் பத்திரக் கட்டுப்பாடுகளை வரிவரியாகப் படித்த பிறகு.