ஜன்னல் இல்லாத பாரில் ஒரு கிம்லெட்

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டப் போகிறேன். அறைகளில் கடல் தெரிகிறது, பாரில் ஜன்னலே கிடையாது. நம்மூர் பார்களின் தலையெழுத்து அது, மதியம் இரண்டு மணிக்குப் போனாலும் உள்ளே ராத்திரிதான். வெளியே கண்ணாடிப் பாலத்துக்கு வந்த கூட்டம், உள்ளே நானும் சத்தமில்லாமல் ஓடிய கிரிக்கெட்டும்.

மெனுவில் கிம்லெட் என்ற ஜின் காக்டெயில் இருந்ததால்தான் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் ஜின் என்று கேட்டாலே ஏற இறங்கப் பார்ப்பார்கள், இதில் கிம்லெட் வேறா என்று ஆசையாகிவிட்டது. விலை 700 ரூபாய், வரி தனி.

வந்தது நாரங்கா வெள்ளத்தில், அதாவது எலுமிச்சை ஜூஸில் ஜின். பார்க்காரத் தம்பி என் கண் முன்னால் எலுமிச்சையைப் பிழிந்து, சீனிப்பாகு விட்டு, உயரமான கிளாஸில் வாய்வரை ஐஸ் போட்டுத் தந்தார். முதல் வாயில் புளிப்பு பல்லைக் கூசியது, இனிப்பு அடியிலேயே தங்கிவிட்டது, பாதி குடிப்பதற்குள் ஐஸ் கரைந்து எல்லாம் தண்ணீர். அப்போதே பிழிந்த சாறு நல்லதுதானே என்பீர்கள். வேறு எதற்கும் நல்லது, கிம்லெட்டுக்கு இல்லை.

ஏனென்றால் இது பிறந்ததே கெடாத சாற்றில். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி வரும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆனால் சாறு கப்பலில் கெட்டுப்போகும், அதனால் அதில் ரம் கலந்து வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் லீத் துறைமுகத்துக்காரர் லாக்லன் ரோஸ், சாராயம் சேர்க்காமல் சர்க்கரையிலேயே சாற்றைப் பாதுகாக்கும் வழிக்கு 1867-ல் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு கட்டாயம் என்று சட்டமும் வந்தது. மனுஷனுக்கு நல்ல நேரம்! லைம் கார்டியல் என்ற அந்தச் சர்க்கரைச் சாற்றைக் கப்பல் அதிகாரிகள் தங்கள் ஜின்னில் ஊற்றிக் குடித்ததுதான் கிம்லெட். 1930-ல் லண்டன் சவாய் ஹோட்டல் வெளியிட்ட காக்டெயில் புத்தகத்தில் அளவு பாதிக்குப் பாதி, பாதி பிளிமத் ஜின், பாதி ரோஸ் கார்டியல், வேறொன்றும் இல்லை. இன்றைய நாக்குக்கு அது பாயசம், இரண்டு பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு போதும்.

பெயருக்கு, கிம்லெட் என்ற கடற்படை மருத்துவர்தான் மாலுமிகளுக்கு இப்படிக் கலந்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. 1943-ல் அவர் இறந்தபோது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதிய இரங்கல் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆங்கிலத்தில் கிம்லெட் என்றால் தச்சர் கையில் இருக்கும், துளை போடும் சின்னத் துறப்பணம். நல்ல கிம்லெட்டும் அப்படித்தான் உள்ளே இறங்கும், எனக்கு இந்த விளக்கம் போதும்.

கார்டியலின் ருசியும் பச்சைச் சாற்றின் ருசியும் வேறு. தோலின் கசப்பும் சர்க்கரையில் ஊறிய பழைய வாசனையும் கார்டியலில்தான் இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டவனுக்கு நார்த்தங்காயை நறுக்கி வைத்தால் எப்படி? குளச்சலில் இருக்கும் என் மாமா, கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், வீட்டிலேயே செய்வார். ஆறு எலுமிச்சையின் பச்சைத் தோலை மட்டும் சீவி, வெள்ளைப் பகுதி படாமல், சீனியோடு விரலால் நன்றாகக் கசக்கி மூடி வைப்பார். காலையில் சீனி ஈரமாகி எண்ணெய் விட்டிருக்கும். அதில் சாற்றை ஊற்றிக் கலக்கி வடிகட்டுவார், கூடவே மாறாமலைக் கிராம்பு ஒன்றே ஒன்று. “ரெண்டு போட்டா பல்டாக்டர் வீட்டு வாசனை வந்துரும் மக்களே” என்பார்.

சரி, பாருக்கு வருவோம். அலமாரியில் பிள்ளைகளின் மாக்டெயிலுக்கென்று ஒரு லைம் கார்டியல் பாட்டில் நின்றது. “தம்பி, அதை ஊத்தி, ஐஸோட நல்லா குலுக்கி, ஐஸை வடிச்சிட்டு சின்ன கிளாஸ்ல தாங்க” என்றேன். “அது சின்னப் பிள்ளைங்களுக்கு அண்ணே” என்று சிரித்துவிட்டு, செய்தார். வந்தது வெளிறிய பச்சை நிறம், கிளாஸின் வெளிப்புறம் முழுக்க வியர்வை. முதலில் இனிப்பு, உடனே தோல் கசப்பு, கடைசியில் ஜின்னின் ஜூனிப்பர் வாசனை மூக்கில் ஏறியது. கடையில் விற்கிற கார்டியல், மாமாவுடையதுக்குப் பக்கத்தில் நிற்காது, ஆனாலும் இது கிம்லெட். தம்பியும் ஒரு ஸ்பூன் ருசி பார்த்துவிட்டு, மெனுவில் இதையே மாற்றலாமா என்று கேட்டார்.

முதல் கிளாஸுக்கும் முழு விலை போட்டார்கள், அது வருத்தம்தான். நெய்மீன் வறுவல் அருமை, வேர்க்கடலை நமுத்துப் போயிருந்தது. போகிறவர்கள் கார்டியல் பாட்டிலைக் கையைக் காட்டிக் கேளுங்கள், வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நான் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினேன்.