எம்ஜிபியின் கிளட்ச் பெடல்: வாஷரா, புது சிலிண்டரா, ஸ்லீவா?

“கிளட்ச் போய்விட்டது, இன்ஜினைக் கழற்ற வேண்டும்.” என் 1971 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு பட்டறையில் சொன்ன தீர்ப்பு இது. பெடலை முழுவதும் மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அரைத்தது உண்மைதான். ஆனால் ஒருவரும் காரின் அடியில் படுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காரில் கிளட்ச் தட்டை மாற்ற இன்ஜினை வெளியே தூக்கியே ஆக வேண்டும். கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை. அதே காலத்து டிரையம்ஃப் டிஆர்6 காரில் நடுத் தரையின் மூடியைக் கழற்றிக் கியர் பாக்ஸை இருக்கைப் பக்கமாகவே எடுத்துவிடலாம். ஆகவே எம்ஜிபிக்காரர்கள் கோளாறு கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்ளேயா வெளியேயா என்று உறுதி செய்யாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

அதை உறுதி செய்ய ஒரு இரும்பு அளவுகோல் போதும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக வாங்கிக் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிவிட்டு, அதன் புஷ் ராடு (தள்ளு தண்டு) எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். என் மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, அழுத்தட்டுமா?” என்று கேட்டுக் கேட்டு ஐந்து முறை மிதித்தாள். ஐந்து முறையும் 10 மி.மீ. ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. வர வேண்டும். அந்த அளவு வந்தும் கியர் அரைத்தால் கோளாறு உள்ளே: கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், அல்லது கிராங்க் ஷாஃப்டின் முனையிலுள்ள சிறிய புஷ் (உலோக வளையம்) இறுகியிருக்கலாம். வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான். எனக்கு 2.7 மி.மீ. குறைந்தது. இன்ஜினைத் தொடத் தேவையில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

குறைந்த அந்த அளவு எங்கே போனது? பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் துளை முக்கால் அங்குலம், ஸ்லேவின் துளை ஒன்றேகால் அங்குலம். பரப்பளவில் ஸ்லேவ் ஏறத்தாழ 2.8 மடங்கு பெரியது. ஆகவே ஸ்லேவில் 12.7 மி.மீ. நகர மாஸ்டரின் புஷ் ராடு 35 மி.மீ. உள்ளே போக வேண்டும். பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் சிறிய பின்தான் பலர் பார்க்க மறக்கும் இடம். நான் அதை உருவி எடுத்தபோது உருளையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில் நகத்தால் தடவினாலே தெரியும் பள்ளம். பெடலின் துளை முட்டை வடிவமாகியிருந்தது. பின், துளை, புஷ் ராடின் கவட்டை முனை மூன்றின் தேய்மானமும் சேர்ந்து 3 மி.மீ. ஆடியது. கணக்குப்படி அது ஸ்லேவில் 1 மி.மீ.க்குச் சற்று அதிகம். புதுப் பின் போட்டு, பெடல் துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடித்தவுடன் அளவு 11 மி.மீ. ஆனது. செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு.

மீதிக்குக் காரணம் எண்ணெய்க்குள் புகுந்த காற்று. பின் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரே அளவு வீண் அசைவு இருக்கும். எத்தனை முறை மிதித்தாலும் மாறாது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல் இருக்கும், இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் இறுகும். சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கும்போது கார் மெல்ல முன்னால் நகரத் தொடங்கினால், கீழே எண்ணெய் ஒழுகாமலும் இருந்தால், மாஸ்டரின் ரப்பர் வாஷரைத் தாண்டி எண்ணெய் உள்ளுக்குள்ளேயே பின்னோக்கிப் போகிறது என்று அர்த்தம். பெடலின் மேல்பகுதியிலோ கம்பளத்திலோ ஈரம் இருந்தால் மாஸ்டரின் பின்பக்க வாஷர். ஸ்லேவின் ரப்பர் உறையைப் பிரித்ததும் கறுத்த குழம்பு சொட்டினால் வேறு சாட்சி வேண்டாம்.

சிலிண்டர்தான் குற்றவாளி என்று முடிவானால் வழிகள் மூன்று.

வாஷர் கிட் மலிவு. ஆனால் துளை கண்ணாடி போல் வழுவழுப்பாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். துளையைத் துடைத்து, விளக்கைக் காட்டி, சுண்டுவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் கிட் வாங்காதீர்கள். பள்ளம் போகும் வரை தேய்த்துவிடலாம் என்பவர்கள் உண்டு. தேய்க்கத் தேய்க்கத் துளை பெரிதாகும், புது வாஷர் அதில் தளர்ந்து நிற்கும், சில மாதங்களில் மறுபடி ஒழுகும். நான் ஒரு முறை அப்படிச் செய்து அடுத்த கோடையையே இழந்தேன்.

புது சிலிண்டர் விரைவான வழி. இன்று கிடைப்பவை பெரும்பாலும் மறு தயாரிப்புகள், தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் பிஸ்டன் முழு நீளம் போய் வருகிறதா என்று கையாலேயே அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, பழைய சிலிண்டரையே லேத்தில் குடைந்து, துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை ஸ்லீவ் (உள் குழாய்) இறக்கி, மூல அளவுக்கே கொண்டுவருவது. இதற்குப் பணமும் காத்திருப்பும் அதிகம். ஆனால் பழைய வார்ப்பு உங்கள் கையிலேயே இருக்கும், எஃகோ பித்தளையோ பழைய இரும்பைப் போலத் துருப்பிடித்துப் பள்ளம் விழாது.

என் தேர்வு இரண்டுக்கும் ஒன்றல்ல. ஸ்லேவுக்குப் புதியது. அது மலிவு, இரண்டு போல்ட்டில் கழன்றுவிடும், மறுபடி கெட்டாலும் ஒரு மணி நேர வேலை. மாஸ்டருக்கு ஸ்லீவ். பெடல் பெட்டியின் மூடியைத் திறந்து, கை நுழையாத இடத்தில் நட்டைத் தேடும் அந்த வேலையைப் பத்தாண்டுக்கு ஒரு முறைக்கு மேல் செய்ய எனக்கு மனமில்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது நல்லது. புது மாஸ்டர் முழு அழுத்தம் தரத் தொடங்கியதும், அதுவரை தாக்குப்பிடித்த பழைய ஸ்லேவ் ஒழுக ஆரம்பிக்கும். பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டு காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். வழக்கமாக வாஷர் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் அது தள்ளப்பட்டு அங்கேயே கிழிந்துவிடும்.

எண்ணெயிலும் ஒரு போட்டி உண்டு. வழக்கமான டாட் 4 வகை எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரமும் அழுக்கும் தாழ்வான இடமான ஸ்லேவில் சேர்ந்து துளையைக் கெடுக்கும். பெயின்டில் சிந்தினால் பெயின்டை உரித்துவிடும். சிலிக்கான் வகையான டாட் 5-க்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆண்டில் பத்து மாதம் கொட்டகையில் உறங்கும் காருக்கு அது பொருந்தும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் எளிதில் கலந்துவிடும், டாட் 4 உடன் கலக்கவும் கூடாது. ஓடுகிற காருக்கு டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றம். இதுவே என் பழக்கம்.

ஹோஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பழைய ரப்பர் உள்ளே வீங்கினால் எண்ணெய் திரும்பத் தாமதமாகும், கிளட்ச் மெதுவாகப் பிடிக்கும். நல்ல புது ரப்பர் போதும். எஃகுப் பின்னல் போட்டது பெடலைச் சற்று இறுக்கும், அவ்வளவுதான்.

டாட் 4-ஐ நான் விடாததற்கு இன்னொரு காரணம் காற்று எடுக்கும் முறை. வழக்கப்படி மேலிருந்து மிதித்து எடுத்தால் குழாயின் மேட்டில் ஒரு குமிழ் தங்கிவிடுகிறது. கீழிருந்து மேலே தள்ளுவதே மேல். முன் சக்கர பிரேக் காலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளிலிருந்து ஸ்லேவ் நிப்பிளுக்கு ஒரு தெளிந்த குழாய் மாட்டி, இரண்டையும் திறந்து, பிரேக்கை மெல்ல மிதித்தால் பிரேக்கின் எண்ணெய் கிளட்ச் குழாய் வழியாக மேலே ஏறும். இரண்டிலும் ஒரே எண்ணெய் இருந்தால்தான் இது முடியும். பிரேக் தொட்டியில் எண்ணெய் தீராமலும் கிளட்ச் தொட்டி நிரம்பி வழியாமலும் ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் மகள் டார்ச்சோடு நின்றாள். முதலில் நுரையாக, பிறகு மூன்று பெரிய குமிழ்கள், பிறகு தெளிந்த எண்ணெய். கடைசியில் பிரேக்குக்கும் ஒரு முறை காற்று எடுத்துவிட வேண்டும், அதைத் தவிர்க்கக் கூடாது.

மறுபடி அடியில் படுத்து அளந்தேன். 12.5 மி.மீ. இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸைத் தள்ளினேன். இந்தக் காரின் ரிவர்ஸில் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ கிடையாது, கிளட்ச் சரியாக விடவில்லையென்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சத்தமே இல்லாமல் விழுந்தது. கார் கொட்டகையை விட்டுப் பின்னால் நகர்ந்தது.