பேட்டரி புதிது, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை: வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் சேவை குறித்து

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதுமே பேட்டரியை மாற்றச் சொல்பவர்கள்தான் அதிகம். என் காருக்கும் முதலில் அதுவே நடந்தது. ஒரு பணிமனையில் புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். பத்தே நாளில் பழைய தொல்லை திரும்பியபோது, என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, அதையும் மாற்றிவிடலாம் என்றார்கள். எதை அளந்து பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான், வண்டி நிற்கும் இடத்துக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஒரு சேவையை அழைத்தேன்.

வந்தவரின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அவர் வருவதற்கு முன்பே. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ள மறுக்கிறதா, அல்லது சுற்றவே இல்லையா என்று தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் எரிபொருள், தீப்பொறி, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். ‘டிக்டிக்டிக்’ என்று விடாமல் சத்தம் வந்தால் பெரும்பாலும் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். ஒரே ஒரு ‘டிக்’ மட்டும் கேட்டு அடங்கிவிட்டால் ஸ்டார்ட்டரின் மீதும், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டின் மீதும் சந்தேகம் திரும்பும். என் கார் சில வேளை முனகிக்கொண்டே மெதுவாகச் சுற்றும். என்ஜின் சூடாக இருக்கும்போது ஒரு ‘டிக்’குடன் நின்றுவிடும். ஸ்டார்ட்டர்தான் குற்றவாளி என்று பணிமனைக்காரர்கள் நினைத்ததற்கு இந்த அறிகுறியே காரணமாக இருந்திருக்கும்.

அவர் கொண்டுவந்த பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது ஸ்பேனர் அல்ல, மின்னழுத்தத்தையும் தடையையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர். ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரிக்குரிய அளவு அது. பிறகு, அளக்கும்போது என்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காக எரிபொருள் பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, “நான் சொல்லும்போது சாவியைத் திருப்புங்கள், மூன்று நொடி போதும்” என்றார். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 11.3 வோல்ட்டுக்கு மேல் நின்றது. 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத வரை பேட்டரியைக் குறை சொல்ல முடியாது என்பதால், அந்தப் பக்கம் அத்துடன் முடிந்தது.

அடுத்துச் செய்ததுதான் இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவதற்குக் காரணம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டுமே ஒரே எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) என்பதால் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். அரை வோல்ட் வந்தாலே அதிகம். திரையில் தெரிந்தது 3.1 வோல்ட். ஸ்டார்ட்டருக்குப் போய்ச்சேர வேண்டிய அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கேபிளிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து என்ஜினுக்கு நேராக ஒரு ஜம்பர் கேபிளைக் கொடுத்து, ரிலேயைத் திரும்பப் பொருத்திச் சாவியைத் திருப்பினார். கார் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தை நான் கேட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

இதைப் பணிமனையில் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டபோது, பழைய கேபிளை மீட்டரில் தடையை அளக்கும் ஓம் அளவில் வைத்துக் காட்டினார். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் என்ன எண் வருமோ அதே எண்தான் வந்தது. அதாவது, கேபிளில் குறையே இல்லை என்றது மீட்டர். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகவும் சிறியது, அதற்கு நாலைந்து செம்பு இழைகளே போதும். ஸ்டார்ட்டரோ நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பது, 0.02 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் 3 வோல்ட் காணாமல் போய்விடும். கழற்றிய கேபிளின் முனையை வளைத்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பாக இருந்த உறைக்குள், செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பாதி இழைகள் அறுந்தே போயிருந்தன.

புதுக் கேபிளைப் போடுவதற்கு முன் கியர்பாக்ஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்தார். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டும் ஒழுங்கும் தவறவில்லை. மீண்டும் அளந்தபோது எர்த் பக்க இழப்பு 0.1 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி இப்போது 10.5 வரை இறங்கியது; குறைந்திருக்கிறதே என்று பதறினேன். தடை நீங்கியதால் ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை இப்போதுதான் முழுதாக இழுக்கிறது, அதனால் இந்த இறக்கம் இயல்பு என்று விளக்கினார். என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட் வந்ததால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சரி.

குறைகளும் உண்டு. வண்டி நிற்கும்போது மின்சாரம் எங்கேனும் கசிகிறதா என்று அவர் பார்க்கவில்லை. அதற்கு, காரின் கணினிகள் உறங்கும்வரை அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்து, கசிவு 50 மில்லியாம்பியருக்குள் அடங்குகிறதா என்று அளக்க வேண்டும். இவர்கள் ஒதுக்கும் நேரத்தில் அது நடக்காது. எரிபொருள் அழுத்தம் அளக்கும் கருவியையும் இவர்கள் எடுத்துவருவதில்லை. ஆகவே, நன்றாகச் சுற்றியும் பற்றாத காருக்கு இந்தச் சேவையை அழைப்பதாக இருந்தால், அந்தக் கருவி வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அளந்த எண்களை எழுதித் தரும் வழக்கமும் இல்லை. நான் கேட்ட பிறகுதான் ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். ஆனால், கழற்றிய கேபிளை நான் கேட்காமலேயே என்னிடம் ஒப்படைத்தார். ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றப்படாமல் அப்படியே இருக்கிறது. என்ஜின் கொதிக்கக் கொதிக்க நிறுத்தி, உடனே சாவியைத் திருப்பினாலும் இப்போது தயங்காமல் சுற்றுகிறது.