வேன் கூரை ஃபேன்: நாய், பூனைக்காக வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்

வேனையே வீடாக்கிக்கொண்டு புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்றுதான் முதலில் படம் போடுவார்கள். கூடவே நாயோ பூனையோ வருகிறது என்றால் அந்தப் படத்தின் முதல் கோடு கூரையில் விழ வேண்டும்: 14 அங்குலச் சதுர ஓட்டை, அதில் 12 வோல்ட் ஃபேன். வேனுக்குள் மாட்டும் பொருள்களில் கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது இதுதான். இவ்வளவு தவறாக நம்பப்படுகிற பொருளும் வேறு இல்லை.

ஃபேனை நாம் நம் தோலை வைத்து எடைபோடுவதுதான் சிக்கல். வியர்த்த உடம்பில் காற்று பட்டால் வியர்வை ஆவியாகிறது, நமக்குக் குளிர்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். நாய் சூட்டைக் கழிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். வீசுகிற காற்றே சூடாக இருந்தால் ரோமத்தின் மேல் எவ்வளவு அடித்தும் பெரிய பலன் இல்லை. ஈரப்பதம் ஏறிவிட்டால் மூச்சிரைப்பும் கைகொடுக்காது. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு இனங்கள் இன்னும் சீக்கிரம் திணறும்.

ஃபேன் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. உள்ளே தேங்கும் சூட்டை வெளியேற்றி, வெளிக்காற்றின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறக்காது. அந்த ஒரு வேலை சின்னதும் இல்லை. 2005இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாள்களில் வெயிலில் நிறுத்திய காரை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. ஜன்னலைச் சற்று இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சுவரிலும் கூரையிலும் வெப்பக் காப்புப் போட்ட வேன் இதைவிட மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். வெளியே 22 என்றால் நல்ல ஃபேன் உள்ளே இருக்கும் உயிரைக் காப்பாற்றும். வெளியே 35 என்றால் எந்த ஃபேனை மாட்டினாலும் உள்ளே 35க்கு மேல்தான். அந்த நாளில் நாய் உங்களோடு இறங்கியே ஆக வேண்டும்.

இந்த வகையில் அதிகம் புழங்கும் பெயர்கள் மேக்ஸ்ஃபேனும் ஃபன்டாஸ்டிக் வென்ட்டும். இரண்டும் ஒரே அளவு ஓட்டையில்தான் உட்காரும். மேக்ஸ்ஃபேன் டீலக்ஸின் மூடியே மழை மறைப்பாகவும் இருப்பதால் மழையிலும் திறந்து ஓட்டலாம். ஃபன்டாஸ்டிக்கின் குமிழ் மூடி மேல்நோக்கித் திறப்பது. மழை வந்தால் மூட வேண்டும். சில மாடல்களில் மழை சென்சார் இருக்கிறது, தானாக மூடிக்கொள்ளும். நமக்கு அது வசதி. உள்ளே தனியாக இருக்கும் பிராணிக்கு அது வினை: நான்கு துளி தூறியதும் மூடி இறங்கிவிடும், காற்றோட்டம் நின்றுவிடும், அரை மணியில் வெயில் திரும்பிவிடும். பிராணிக்காக வாங்குகிறவர்கள் மழை மறைப்புள்ளதை வாங்குவதே மேல். இல்லையென்றால் குமிழ் மூடிக்கு மேலே தனியாக ஒரு மறைப்பு மாட்டிக்கொள்ள வேண்டும்.

இனி அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். நிமிடத்துக்கு 900 கன அடி என்றால் ஏறக்குறைய 25 கன மீட்டர். 3.7 மீட்டர் நீளம், 1.75 அகலம், 1.85 உயரம் கொண்ட வேனின் உட்பகுதி 12 கன மீட்டர். கணக்குப்படி நிமிடத்துக்கு இரண்டு முறை உள்காற்று முழுக்க மாற வேண்டும். மாறாது, ஏனென்றால் காற்று உள்ளே வர வழி இருக்காது. 12 அங்குல இறக்கையின் வட்டப் பரப்பு 730 சதுர சென்டிமீட்டர். குறைந்தது அதே அளவு திறப்பு கீழே எங்காவது இருக்க வேண்டும். ஓட்டுநர் ஜன்னலை இரண்டு விரல் இறக்கினால் கிடைப்பது 250 சதுர சென்டிமீட்டர் தேறினாலே அதிகம். கொசுவலை அதிலும் ஒரு பங்கைத் தின்னும். ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டு இருக்கும், காற்று மட்டும் நகராது. ‘ஃபேன் சரியில்லை’ என்று வரும் குறைகளில் பெரும்பங்கு இந்த வகைதான்.

திறப்பு எங்கே என்பதும் முக்கியம். ஃபேன் பின்பக்கம் என்றால் காற்று நுழையும் உள்வாய் முன்பக்கம், நிழல் விழும் பக்கம், முடிந்தவரை தாழ்வாக. இரண்டுக்கும் நடுவே பிராணியின் படுக்கை வர வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்தால் காற்று குறுக்குவழியில் வந்து அப்படியே மேலே போய்விடும், தரையில் படுத்திருக்கும் நாய்க்கு ஒன்றும் கிடைக்காது. சோதிக்க எளிய வழி: டிஷ்யூ தாளை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாகக் கிழித்து, நாயின் மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள். ஃபேன் பாதி வேகத்தில் ஓடும்போது தாள் அசைந்தால் சரி. ஆடாமல் தொங்கினால் திறப்பை மாற்றுங்கள், ஃபேனை அல்ல.

பொருத்தும் வேலை அரை நாள் பிடிக்கும். கூரையில் ஓட்டை போடப் பலரும் பயப்படுகிறார்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் அறுப்பில் இல்லை, அதற்குப் பிறகுதான். உள்ளிருந்து பார்த்து, கூரையைத் தாங்கும் குறுக்கு வளை ஏதும் வெட்டுப்படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஃபேனோடு வரும் சட்டத்தை வைத்தே கோடு போடலாம். நான்கு மூலையிலும் 10 மில்லிமீட்டர் துளை, பிறகு உலோகத்துக்கான மெல்லிய பல் பிளேடு போட்ட ஜிக்சா (மேலும் கீழும் ஓடும் கை மின்ரம்பம்). மூன்று பக்கம் அறுத்ததும் தகட்டைக் கீழிருந்து டேப்பால் தாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் தகடு தொங்கிப் பிளேடை முறிக்கும்.

அறுத்த இரும்புத் தூளை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். கூரையில் தங்கினால் ஓரிரு நாளில் பனியில் நனைந்து, வெள்ளைப் பெயின்டில் மிளகு தூவிய மாதிரி துருப்புள்ளிகள் வரும். வேனுக்குள் விழுந்தது நாயின் விரலிடுக்கில் ஏறும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தேய்த்து எடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பிக் கொட்டுங்கள். பிராணியை அன்று வேறு இடத்தில் விடுவது நல்லது. வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் ஓரிரு வருடத்தில் விளிம்பிலிருந்து பெயின்ட் உப்பிக்கொண்டு வரும்.

சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), உள்பக்கம் ஸ்க்ரூ பிடிக்க மரச்சட்டம். ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கி, ஒரு வெயில் பட்டதும் மறுபடி ஒரு சுற்று முறுக்க வேண்டும். பியூட்டைல் சூட்டில் பிதுங்கி இடம் விடும். அதன் மேலும் ஸ்க்ரூ தலைகள் மேலும் தானாகப் பரவும் கூரை சீலன்ட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை. சிலிக்கான் மட்டும் வேண்டாம். அது காய்ந்த இடத்தில் அடுத்த முறை வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ட் உட்பட. கூரையில் நெளிவு வரிகள் இருந்தால் அந்த வேனுக்கென்று விற்கும் அடாப்டர் சட்டத்தை வாங்குவது புத்திசாலித்தனம். சீலன்டால் பள்ளத்தை நிரப்பிச் சமாளிக்கப் பார்த்தால் தண்ணீர் தேங்கி என்றாவது ஒழுகும்.

பழைய வேனை விற்றுவிட்டு அதன் ஃபேனைக் கழற்றிப் புது வேனில் மாட்டலாமா? மோட்டார் நன்றாக இருந்தால் மாட்டலாம். மூடியின் பிளாஸ்டிக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் வெயில் தின்றது என்றால் கீல் பக்கம் மயிரிழை விரிசல்கள் தெரியும். அதை மாற்றாமல் ஏற்றாதீர்கள். பழைய பியூட்டைல் மறுபடி உதவாது, மொத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. இந்த வகை ஃபேன்கள் குறைந்த வேகத்தில் அரை ஆம்பியருக்கும் கீழே, முழு வேகத்தில் 2.5 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து ஃபேன் 6 மீட்டர் தள்ளி என்றால் போக வர 12 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 4 ஆம்பியருக்கு 0.56 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் 0.34தான். ஃபியூஸ் பேட்டரிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கையேட்டில் சொன்ன அளவில்.

ஒரு ஆம்பியரில் இரவு முழுக்க 10 மணி நேரம் ஓடினால் 10 ஆம்பியர்-மணி. முழு வேகத்தில் பகல் 6 மணி நேரம் என்றால் 24. நூறு ஆம்பியர்-மணி லிதியம் பேட்டரி இதைத் தாங்கும். அதே அளவு லெட்-ஆசிட் என்றால் பாதியைத்தான் நம்பலாம், அதையும் குளிர்பெட்டி பங்கு கேட்கும். நாய்க்கு நிழல் வேண்டும், சோலார் பேனலுக்கு வெயில் வேண்டும் என்பதுதான் இதில் தீராத சண்டை. கூரையில் ஒட்டிய பேனலோடு மரத்தடியில் நிறுத்தினால் மின்சாரம் வராது. நீள வயர் போட்ட மடிப்புப் பேனல் ஒன்று இதைத் தீர்க்கும். பேட்டரி இறங்கும்போது சுமைகளை வெட்டும் கருவி இருந்தால், குளிர்பெட்டி முதலிலும் ஃபேன் கடைசியிலும் அணையும்படி அமையுங்கள். பால் கெட்டால் பரவாயில்லை.

சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாக ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள மாடலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு பிராணி வளர்ப்பவர்களுக்கு நியாயமானது, மூன்று விஷயங்களைச் சோதித்த பிறகு. ஒன்று, மூடி மின்சாரத்தில் திறப்பதா? கையால் சுழற்றித் திறக்கும் மாடலில் தெர்மோஸ்டாட் மோட்டாரைத்தான் ஓட்டும். மூடி மூடியிருந்தால் ஃபேன் உள்காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபியூஸைப் பிடுங்கி, பத்து விநாடி கழித்து மறுபடி சொருகுங்கள். பழைய நிலைக்குத் தானாகத் திரும்புகிறதா, அணைந்தபடியே கிடக்கிறதா? திரும்பாது என்றால் ஒரு தளர்ந்த இணைப்பு போதும், பகல் முழுக்க ஃபேன் நின்றிருக்கும். மூன்றாவது, அதன் சென்சார் கூரையில் இருக்கிறது, நாய் தரையில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் தெர்மாமீட்டர் வைத்து ஒரு முழுப் பகல் அளந்து பார்த்துத்தான் எண்ணை அமைக்க வேண்டும்.

ரோமம் பற்றி எந்தக் கையேடும் போதிய அளவு சொல்வதில்லை. இரட்டை ரோம நாய் ஒன்று உதிர்க்கும் பருவத்தில் உள்வலையை ஒரு வாரத்தில் கம்பளி போல மூடிவிடும். அந்த நாள்களில் நான்கு நாளுக்கு ஒரு முறை வலையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். இறக்கையில் ஒட்டிய ரோமம் சமநிலையைக் கெடுத்து, முழு வேகத்தில் ‘டக் டக்’ என்று அதிர வைக்கும். அதை மோட்டார் கோளாறு என்று நினைத்துப் புது மோட்டார் வாங்கியவர்கள் உண்டு. பூனை இருந்தால் ஃபேனுக்கு நேர் கீழே உயரமான அலமாரி வேண்டாம். பித்தானின் மேல் பூனைப் பாதம் படுவது நடக்கும் விஷயம். கீழ்த் திறப்புகளுக்குச் சாதாரண கொசுவலை பூனை நகத்துக்கு ஒரு நாள்கூடத் தாங்காது; பிராணிகளுக்கென்று விற்கும் பிவிசி பூசிய தடித்த வலையும், அதைப் பிடிக்க ஸ்க்ரூ போட்ட சட்டமும் வேண்டும்.

குளிர்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனை வெளியேற்றும் திசையில் ஓட்டினால், உள்ளே அழுத்தம் குறைந்து, ஹீட்டர் அல்லது விறகு அடுப்பின் புகைக்குழாய் வழியாகப் புகை திரும்பி உள்ளே வரலாம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம். சின்ன உடம்புள்ள பிராணிகள், முக்கியமாகப் பறவைகள், நமக்கு முன்னால் விழும்.

கடைசியாக, ஃபேனோடு சேர்த்தே வாங்க வேண்டியது வெப்பநிலை எச்சரிக்கைக் கருவி. புளூடூத்தில் ஓடுவது சில மீட்டருக்கு மேல் உதவாது. வைஃபையில் ஓடுவதற்கு வேனுக்குள் இணையம் இருக்க வேண்டும். சொந்த சிம் உள்ளதே இந்த வேலைக்கு. அது சூடு ஏறினால் மட்டும் செய்தி அனுப்பினால் போதாது. மின்சாரம் போனாலும், கருவியோடு தொடர்பு அறுந்தாலும் சொல்ல வேண்டும். வாங்கிய அன்றே சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, செய்தி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகிறது என்றால், வேனிலிருந்து நீங்கள் நடந்து போகக்கூடிய தூரத்திலிருந்து அந்த ஐந்து நிமிடத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் நிறுத்தினால் அந்தத் தூரம் பூஜ்யம்.